23 கிலோவும் 13,700 கிலோமீற்றரும்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் வெங்காயம் நிறுக்கிற தொங்கு தராசுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கனடாவுக்குப் போகிறவர் வீட்டில், பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் அது விறாந்தை வளையில் ஏறும். கொக்கியில் சூட்கேஸின் கைபிடியை மாட்டிவிட்டு எல்லோரும் முள்ளைப் பார்த்தபடி நிற்பார்கள். 23 கிலோவைத் தாண்டக்கூடாது. முள் 25இல் நின்றால் பெட்டி திரும்பவும் நிலத்துக்கு வரும். மிளகாய்த்தூளில் கைவைக்க முடியாது, அது மகளுக்கு. ஒடியல் மா மருமகன் கேட்டது. பருத்தித்துறை வடை பாரமில்லை. கடைசியில் பனங்கட்டிக் குட்டான்களில் பாதி வெளியே வரும். அம்மா அவற்றைச் சத்தமில்லாமல் கைப்பைக்குள் திணிப்பா.

அந்தப் பெட்டி போய்ச் சேர வேண்டிய தூரம், யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியிலிருந்து ரொறன்ரோ வரை பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவிலிருந்து அளந்தால் 14,000. இடையில் இறங்காமல் இத்தனை தூரம் பறக்கும் விமானங்கள் இன்று உலகில் இருக்கின்றன. ஒருமுறை தொடங்கிக் கைவிட்ட இத்தகைய சேவைகளுக்குச் சில நிறுவனங்கள் திரும்பவும் வந்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஆடி மாதமும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திறங்கும் உறவினரில் யாராவது ஒருவர் கேட்பார்: கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரே ஒரு பிளேன் விட்டால் என்ன, நிரம்பி வழியாதா?

நிரம்பும். காசுதான் வராது. ஏன் வராது என்பதற்கான கணக்கு அந்த விறாந்தைத் தராசுக் கணக்கின் பெரிய வடிவம். நெடுந்தூர இடைநிற்காப் பறப்பின் பழைய கதையொன்று இலங்கையோடு சேர்ந்ததென்பதால், அங்கிருந்தே பார்க்கலாம்.

1943 ஜூலையில், காலிக்கு அருகே கொக்கலை வாவியில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து வந்த கற்றலினா நீர்விமானம் ஒன்று இறங்கியது. சிங்கப்பூர் யப்பானியர் கையில் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோயிருந்தது. அதை ஒட்டவைக்க குவான்ரஸ் நிறுவனம் இந்துசமுத்திரத்தின் மேலாக 5,600 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் பறந்தது. வானொலியை மூடி, நட்சத்திரங்களைப் பார்த்து வழிபிடித்து, 27 முதல் 33 மணித்தியாலம். வழியில் இரண்டு தடவை சூரியன் உதிக்கும் என்பதால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. குவான்ரஸ் இன்று சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் நேரே பறக்கத் தீட்டியிருக்கும் திட்டத்துக்கு ‘புரொஜெக்ட் சன்ரைஸ்’ என்று பெயர் வைத்தது இந்தக் கொக்கலைப் பறப்புகளின் நினைவாகத்தான்.

அந்தக் கற்றலினாவில் எத்தனை பயணிகள் ஏறினார்கள்? மூன்று பேர். கூடவே 70 கிலோவுக்குக் கிட்டிய தபால். மற்றதெல்லாம் எண்ணெய்.

எண்பது ஆண்டுகளில் இயந்திரங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்த விதி மாறவில்லை. தூரம் கூடக்கூட எண்ணெய் கூட வேண்டும். அந்த எண்ணெயைச் சுமக்க மேலும் எண்ணெய் வேண்டும். பதினாறாவது மணித்தியாலத்தில் எரிக்கப்போகும் எண்ணெயை முதல் பதினைந்து மணித்தியாலமும் தூக்கிக்கொண்டு பறப்பதற்கே ஒரு பங்கு எண்ணெய் எரிந்துபோகும். இடையில் ஒரு நிலையத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டால் அந்தப் பங்கு மிஞ்சும். இறங்கி ஏறுவதற்கும் எண்ணெய் செலவாகும்தான். ஆனாலும் தூரம் மிக நீளும்போது கணக்கு இடைநிறுத்தத்தின் பக்கமே சாய்கிறது.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். 2004இல் சிங்கப்பூர் எயார்லைன்ஸ், நான்கு இயந்திரம் கொண்ட ஏ340-500 விமானத்தில் நியூயோர்க்கை அடுத்துள்ள நெவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கியது. முதலில் 181 இருக்கைகள். கட்டவில்லை. 2008இல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 100 வணிக வகுப்பு இருக்கைகள் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் அதையும் நிறுத்தினார்கள். அதே வகை விமானத்தில் பாங்கொக்கிலிருந்து நியூயோர்க்குக்குப் பறந்த தாய் எயார்வேஸ் 2005இல் தொடங்கி 2008இலேயே கையை விட்டிருந்தது. எண்ணெய் விலை ஏறிய காலம் அது.

2018 ஒக்டோபரில் சிங்கப்பூர் திரும்பி வந்தது, இம்முறை இரண்டு இயந்திர ஏ350-900 யூஎல்ஆர் (அதிநெடுந்தூர) விமானத்தோடு. 2020இலிருந்து நியூயோர்க் கென்னடி நிலையத்துக்கும் அது பறக்கிறது: 15,300 கிலோமீற்றருக்கு மேல், பதினெட்டு மணித்தியாலத்துக்கும் கூடுதலாக. இன்று உலகின் மிக நீண்ட வழமையான பயணிகள் சேவை அதுதான். வெற்றியென்றே பலரும் காட்டுகிறார்கள். உள்ளே இருக்கைகளை எண்ணிப் பார்த்தால் கதை வேறு. 67 வணிக வகுப்பு, 94 உயர்தரச் சாதாரண வகுப்பு, மொத்தம் 161. மலிவான சாதாரண வகுப்பு ஒன்றுகூட இல்லை. அதே நிறுவனத்தின் வழமையான நெடுந்தூர ஏ350-900இல் 253 பேர் ஏறுகிறார்கள். யூஎல்ஆரின் தொட்டிகள் 165,000 லீற்றர் கொள்ளும். இருக்கைக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல். விமானம் எழும்பக்கூடிய உச்ச நிறை 280 தொன். அதில் பாதிக்குக் கிட்ட எண்ணெயே நிற்கும். குவான்ரஸும் அப்படித்தான்: முந்நூறுக்கு மேற்பட்டோரை ஏற்றக்கூடிய ஏ350-1000இல் 238 இருக்கைகளும், மேலதிகமாக 20,000 லீற்றர் தொட்டியும்.

ஆட்களை இறக்கித்தான் எண்ணெயை ஏற்றுகிறார்கள். இறக்கப்பட்டவர்களின் கட்டணத்தை மிஞ்சியிருப்பவர்கள் கொடுக்க வேண்டும். சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் அப்படிக் கொடுக்க வங்கிகளும் சட்ட நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆண்டு முழுவதும், இரு திசையிலும், தன் கைக்காசில் அல்லாமல் நிறுவனத்தின் காசில் ரிக்கற் எடுக்கும் பயணிகள் அவர்கள். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் யார் இருக்கிறார்கள்?

நாங்கள் இருக்கிறோம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்து, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளோடு நான்கு ரிக்கற் எடுப்பவர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சூப்பர் விசாவில் போகும் அம்மா, அப்பா. (கனடா 2011இல் கொண்டுவந்த அந்த விசாவில் இப்போது ஒரு தடவை போனால் ஐந்து ஆண்டு வரை நிற்கலாம். புத்தூர், நீர்வேலி, அச்சுவேலிப் பக்கத்தில் ‘சூப்பர் விசா’ என்பது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.) விமானத் துறை இந்த வகைப் பயணத்தை உற்றார் உறவினரைப் பார்க்கும் பயணம் என்று தனியாகப் பிரிக்கிறது. இதற்கு மூன்று குணங்கள் உண்டு. கட்டணம் ஐம்பது டொலர் குறைந்தாலும் வேறு நிறுவனத்துக்குத் தாவும். பெட்டி பாரமாக இருக்கும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வராது. ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் விமானம் நிறையும்; அதே வாரம் இங்கிருந்து போகும் விமானத்தில் இடமிருக்கும். திருவிழா முடிந்து பாடசாலை தொடங்கும்போது இது தலைகீழாகும். மார்கழியில் இன்னொரு சிறு அலை. மாசி, பங்குனியில் யார் ஏறுவது?

ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. எயார் சிலோனின் கதவை 1978இல் மூடிய அரசு அடுத்த ஆண்டே எயார் லங்காவைத் தொடங்கியது. 1980களில் அது இரண்டு போயிங் 747களைக்கூட வாங்கிப் பார்த்தது. சிறிய நாட்டுக்குப் பெரிய சட்டை. 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி நிர்வாகத்தை எடுத்தது, பெயரும் மாறியது. 2007 இறுதியில் லண்டனிலிருந்து வந்த விமானமொன்றில், ஏறவிருந்த பயணிகளை இறக்கி சனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் கொடுக்க நிர்வாகம் மறுத்தது. தலைமை நிர்வாகியின் வேலை அனுமதி பறிபோனது. 2008இல் எமிரேட்ஸின் நிர்வாக ஒப்பந்தமும் முடிந்தது. அதன் பின் நெடுந்தூர ஆசை திரும்பவும் வந்தது. 2013இல் ஆறு ஏ330-300களுக்கும் நான்கு ஏ350-900களுக்கும் கட்டளை கொடுத்தார்கள். ஏ350கள் வரவே இல்லை. அவற்றை வேண்டாமென்று சொல்வதற்கே கோடிக்கணக்கான டொலர் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் பிரித்தானிய நீதிமன்றில் எயார்பஸ் நிறுவனம் ஒப்புக்கொண்ட இலஞ்சக் குற்றச்சாட்டுகளில் இலங்கை விவகாரமும் ஒன்று. 2016இல் பிராங்போட், பாரிஸ் சேவைகள் நின்றன. பெருந்தொற்றுக்குப் பின் இரண்டும் திரும்பின; பிராங்போட் மறுபடியும் நின்றது. லண்டன் மட்டும் எல்லாவற்றையும் தாங்கி ஓடுகிறது. அது 8,700 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலம். விமானத்தின் நிறைக் கணக்கும் அங்கே ஒத்துவருகிறது.

2022இல் நடந்ததையும் மறக்கக்கூடாது. நாட்டில் எண்ணெய் இல்லாத அந்த மாதங்களில் கொழும்பிலிருந்து புறப்பட்ட நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. சொந்த மண்ணில் தொட்டியை நிரப்ப முடியாத நிறுவனம் 14,000 கிலோமீற்றர் பறப்பைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

சரி, ஶ்ரீலங்கன் வேண்டாம். வசதியான வேறொரு நிறுவனம் வந்தால்? அங்கே வானத்து அரசியல் குறுக்கே நிற்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கான குறுக்குப் பாதை வடமேற்காக ஏறி, இந்தியா, பாகிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா கடந்து ஆர்க்டிக் பகுதியை ஒட்டி இறங்குகிறது. 2022 பெப்ரவரியிலிருந்து கனேடிய விமானங்கள் ரஷ்ய வான்பரப்பில் பறக்க முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியது. அடியை முதலில் வாங்கியது எயார் இந்தியா. 2021 ஜனவரியில் பெண் விமானிகளை மட்டும் கொண்டு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு இடைநிற்காமல் பறந்து உலகைத் திரும்பிப் பார்க்கவைத்த அதே நிறுவனம், வட அமெரிக்க விமானங்கள் சிலவற்றை வியன்னாவில் இறக்கி எண்ணெய் நிரப்ப வேண்டியதாயிற்று. 2025 செப்ரெம்பர் 1 முதல் டெல்லி-வாஷிங்ரன் சேவையையே நிறுத்தியது. விமானத் தட்டுப்பாடும் வான்பரப்பு மூடலும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். ஆயிரம் கிலோமீற்றர் சுற்று, ஆறு மணித்தியாலப் பயணத்துக்குச் செலவு. பதினாறு மணித்தியாலப் பயணத்துக்கோ சில நேரம் முடிவு.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. இடையில் இறங்குவதென்றால் நமக்கு அது பெரும்பாலும் வளைகுடா. டோகா, டுபாய், அபுதாபி. 2025 ஜூன் 23இல் கட்டாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது கட்டாரின் வான்பரப்பு மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வழியில் சிக்கினார்கள். ஒரே வாசலை நம்பியிருப்பது ஆபத்துத்தான். ஆனால் அதற்கு மருந்து பல வாசல்கள். அவை கூடித்தான் வருகின்றன. எமிரேட்ஸும் எத்திஹாட்டும் கூடுதல் தடவைகள் பறக்கக் கேட்டபோது கனடா தன் நாட்டு நிறுவனத்தைக் காக்க நெடுங்காலம் மறுத்தது. 2010இல் அது இராசதந்திரச் சண்டையாகவே வெடித்து, டுபாய்க்கு அருகே இருந்த இராணுவ முகாமைக் கனடா இழந்தது. இன்று எமிரேட்ஸ் ரொறன்ரோவுக்குத் தினமும் பறக்கிறது. கட்டார் எயார்வேஸ் 2024 டிசெம்பரில் அங்கே சேவை தொடங்கியது. போட்டி என்ற சொல் புத்தூர்ப் பயணிக்கு அர்த்தப்படுவது இங்கேதான். நேரடி விமானம் விடும் ஒரு நிறுவனம் அந்த வழியில் தனிக்கடை. இடைநின்று போகும் வழியில் நான்கு கடை இருக்கும். நான்கிலும் விலை கேட்கலாம்.

என்னைச் சங்கடப்படுத்தும் எதிர்வாதம் வேறொன்று. இடைநிற்காப் பறப்பு உண்மையில் யாருக்கு வேண்டும்? மடிக்கணினியோடு போகும் வங்கிக்காரருக்கு ஓர் இடத்தில் இறங்கி ஏறுவது பெரிய காரியமில்லை. எழுபத்தைந்து வயதில், ஆங்கிலமும் அரபும் தெரியாமல், நடுச்சாமத்தில் மைல் நீளமான கண்ணாடி மண்டபத்தில் வீல்செயரில் இருத்திவிடப்பட்டு, தள்ளிக்கொண்டு வந்தவர் போய்விட, தன் விமானம் எந்த வாசலில் என்று தெரியாமல் கழுத்தில் தொங்கும் கடவுச்சீட்டுப் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குத்தான் அது வேண்டும். மாறி ஏறுவதென்றாலே எங்கள் கிழவிகளுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் நேரடி விமானத்தில் அவருக்கு ஏற்ற விலையில் இருக்கையே போடுவதில்லை. இந்த முரணைச் சந்தை தானாகத் தீர்க்காது. அரசு மானியம் கொடுத்துத் தீர்க்கப் பார்த்தால், புத்தூரில் ஒருநாளும் விமானம் ஏறாதவரின் வரிக்காசு கனடாவில் பிள்ளை உள்ளவரின் ரிக்கற்றுக்குப் போகும். அதை நியாயமென்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டு வாசலிலிருந்து நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. எயார்போர்ட் வான் புத்தூர்ச் சந்தியிலிருந்து புறப்பட்டு வவுனியா, அனுராதபுரம், புத்தளம், சிலாபம் தாண்டிக் கட்டுநாயக்க போய்ச்சேர ஏழெட்டு மணித்தியாலம். வழியில் ரயர் போகலாம், மழை வரலாம் என்று இரண்டு மணித்தியாலம் முந்தியே வெளிக்கிடுவார்கள். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம். டோகாவுக்கு ஐந்து, அங்கே காத்திருப்பு மூன்று நான்கு, பின் ரொறன்ரோவுக்குப் பதினாலு. கொழும்பிலிருந்து நேரடி விமானம் வந்தால் இதில் மிச்சம் ஐந்தாறு மணித்தியாலம்தான்; வானில் பதினேழு மணித்தியாலம் எப்படியும் உட்காரத்தான் வேண்டும். அந்த எயார்போர்ட் வானை எடுத்துவிட்டால் மிச்சம் எட்டு முதல் பத்து. முழுப் பயணத்தின் மிக மெதுவான பகுதி அட்லாண்டிக்கின் மேல் இல்லை, புத்தளம் வீதியில் இருக்கிறது.

பலாலி ஓடுபாதையோ புத்தூரிலிருந்து நேர்கோட்டில் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பாதை அது. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் எழும்பி, இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் போனது. இந்த நாட்டின் முதல் தேசிய விமான நிறுவனத்தின் முதல் சர்வதேச வழியே எங்கள் ஊர் வழி. பின்னர் போர் வந்தது, வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமானது, சனம் இடம்பெயர்ந்தது. 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, பெருந்தொற்றில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ சேர்ந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் பறந்தது. எல்லாம் எழுபது, எண்பது பேர் ஏறும் ஏடிஆர் 72 விமானங்கள். ஓடுபாதையின் முழு நீளம் 2,300 மீற்றரளவு என்றாலும், திருத்திப் பயன்படுத்துவது 1,400 மீற்றரளவுதான். அதில் ஏடிஆரைவிடப் பெரியது இறங்காது.

மீதி 900 மீற்றரையும் திருத்தினால் ஏ320 வகை விமானம் இறங்க வழி பிறக்கும். ரொறன்ரோவுக்குப் பறக்கும் இராட்சத விமானத்துக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். அது பலாலியில் வேண்டவும் வேண்டாம். அதற்காக இன்னும் காணி எடுப்பதென்றால் அது பலாலி, வசாவிளான், மயிலிட்டிச் சனத்தின் காணி. முப்பது ஆண்டுக்கு மேலாகத் தங்கள் வளவுக்குத் திரும்பக் காத்திருந்தவர்களிடம் வெளிநாட்டுப் பயணிகளின் வசதிக்காகக் காணி கேட்க எவருக்கும் வாய் வரக்கூடாது. இருக்கிற பாதையைத் திருத்துவது வேறு, புதிய வேலி போடுவது வேறு.

ஓடுபாதையைவிட மலிவான வேலையொன்றும் இருக்கிறது: பலாலியிலிருந்து ரொறன்ரோ வரை ஒரே ரிக்கற். சென்னையிலிருந்து பிரிட்டிஷ் எயார்வேஸ் லண்டனுக்கும் லுப்தான்சா பிராங்போட்டுக்கும் பறக்கின்றன. பலாலிக்கு ஏடிஆர் விடும் அதே இண்டிகோ 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மன்செஸ்ரருக்கும் அம்ஸ்ரடாமுக்கும் பெரிய விமானம் விட்டது. கண்ணிகள் எல்லாம் கிடக்கின்றன, கொழுவத்தான் ஆளில்லை. சென்னைக்குத் தனி ரிக்கற், அங்கிருந்து தனி ரிக்கற் என்று எடுத்தவர் சென்னையில் குடிவரவு கடந்து வெளியே வந்து, பெட்டியைத் தூக்கி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் சுணங்கினால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. நான் அறிந்த ஒரு குடும்பம் இந்த வழியைக் கணக்குப் பார்த்துவிட்டு, பேசாமல் வான்காரருக்கே தொலைபேசி எடுத்தது.

அவர்கள் கணக்கைக் குழப்பியது விசாகூட இல்லை. கனடா ரிக்கற் ஒருவருக்கு இரண்டு 23 கிலோப் பெட்டிகளை அனுமதித்தது. தனியே வாங்கும் ஏடிஆர் ரிக்கற்றில் அந்த 46 கிலோ இல்லை. தராசு வளையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா முதலில் ஒடியல் மாவைப் பார்த்தா, பிறகு பனங்கட்டிக் குட்டானைப் பார்த்தா, பிறகு மகனிடம் சொன்னா: “வானுக்கே சொல்லு தம்பி. நான் இருந்து போவன்.”